மொய் நோட்டும் பத்து மில்லிகிராமும்

ஜூன் 8, 2024, சனி

"என்ன பிரச்சினை?" என்று மனநல டாக்டர் கேட்டதும் மொய் நோட்டைப் பற்றித்தான் சொன்னேன். போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்தில், "பி.காம் படிச்சவன், நீ உட்காருப்பா" என்று மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாவது பெயர் எழுதும்போது, வரிசையில் நின்றவர் என் கையையே பார்ப்பதாகத் தோன்றியது. பேனா முனை நோட்டில் தடதடவென்று தட்ட ஆரம்பித்தது. "என்னப்பா, கை இப்படி ஆடுது?" காய்ச்சல் என்று சொல்லி எழுந்துபோய், மண்டபத்து பைக் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன். சாப்பிடவும் இல்லை.

இங்கே வருவதற்கே பத்து நாள் ஆனது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு மூன்று தடவை அடித்து, ரிங் போனதும் கட் செய்தேன். போன் பேசப் பயப்படுகிறவனுக்குப் போன் நம்பர்தான் வழி என்றால் எப்படி? நான்காவது தடவை ஒரு பெண் எடுத்தார். "சொல்லுங்க" என்றுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை அவசரப்படுத்தாமல் இருந்தார்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987-இல் வெளியிட்ட, பிறர் முன்னால் வரும் பயத்தை அளக்கும் அளவுகோலாம். 24 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்க்கிறோம் என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். அதில் ஒன்று: 'பிறர் பார்க்கும்போது எழுதுவது.' உலகத்தில் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்த கோளாறை, நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே ஒருவர் அச்சடித்து வைத்திருக்கிறார். 144-க்கு 91. காஸ்ட் அக்கவுண்டிங்கில்கூட இவ்வளவு வாங்கியதில்லை.

பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை, 5 மி.கி.; பத்து நாள் கழித்து 10. மேடையில் கை நடுங்காமல் இருக்க புரோப்ரனலால் போடுவார்களாமே, அதைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "வீசிங் உண்டா?" மார்கழியில் இன்னும் இழுக்கும். "அப்ப அது உங்களுக்கு வேண்டாம்." முடிந்தது.

ஜூன் 12, புதன்

குமட்டல். ஆபீஸில் ஓயாத கொட்டாவி. பதற்றம் குறைந்தபாடில்லை, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. முதல் வாரம் இப்படி இருக்கலாம், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கேட்டபோது தலையாட்டியது வேறு, இட்லி இறங்காமல் உட்கார்ந்திருப்பது வேறு.

அம்மா அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"தூக்க மாத்திரையாடா?"

"இல்லம்மா. பயத்துக்கு."

"உனக்கென்ன பயம்? கூச்ச சுபாவம். உங்க தாத்தாவும் அப்படித்தான். ஒரு கல்யாணத்துலயும் பந்தியில உட்கார்ந்ததில்ல."

இது எனக்குப் புதிய சேதி. எல்லோரும் சாப்பிடட்டும், நான் அப்புறம் என்பாராம். எங்கள் வீட்டில் அதைப் பெருந்தன்மை என்று வைத்திருந்தோம்.

ஜூன் 29, சனி

சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் இரண்டாவது முறை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க நான் செய்வதையெல்லாம் எழுதச் சொன்னார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது. முழு டம்ளர் ததும்பும் என்று முதல் வாயைக் குனிந்து உறிஞ்சுவது. வங்கி செலானை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது. பேனாவை நெரித்துப் பிடிப்பது. போனில் சொல்லப்போவதை முன்பே மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பது. எழுத எழுத 17 வந்துவிட்டது.

"இதெல்லாம் செஞ்சதாலதான் தப்பிச்சோம்னு உங்க மூளை வரவு வெச்சுக்குது. செய்யாம இருந்தா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியவே தெரியாது." பேனாவை நெரித்தால் தசை இறுகி நடுக்கம் கூடும் என்பதையும் சொன்னார். பதினைந்து வருடமாக நெரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13, சனி

இன்று வீடியோ. மேடம் படமெடுக்கப் போனை நிமிர்த்தி வைத்தார். அறிமுகமில்லாத ஒரு பயிற்சி மாணவி எதிரே உட்கார்ந்து பார்க்க, நான் போர்டில் பத்து பெயர் எழுத வேண்டும். வீடியோவில் நான் எப்படித் தெரிவேன் என்று முதலில் எழுதித் தரச் சொன்னார். "சாமி வந்தவன் கை மாதிரி ஆடும், முகம் சிவக்கும், அந்தப் பெண் பரிதாபப்படுவார்" என்று எழுதினேன்.

பிறகு போட்டுப் பார்த்தோம். "யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பாருங்க" என்றார். ஒரு ஆள் எழுதுகிறான். நான்காவது பெயரில் 'ழ'வின் வால் கொஞ்சம் நெளிகிறது. ஒரு முறை தோளைக் குலுக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னேன். உள்ளே இருந்து பார்த்தபோது கை முழங்கைவரை துள்ளியது. வெளியே வால் மட்டும் நெளிந்திருக்கிறது. மாணவி என்ன கவனித்தார் என்று மேடம் கேட்டார். "சட்டையில மை பட்டிருந்துச்சு." அது எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

வீட்டுப்பாடம்: டீக்கடையில் முழு டம்ளர், ஒரே கை, நின்றபடி. அடுத்த கட்டம், வேண்டுமென்றே கொஞ்சம் சிந்துவது. வேலைக்குப் போகும் வழியிலுள்ள கடையை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போனேன் (இதுவும் பட்டியலில் 18-ஆவதாகச் சேர வேண்டியதுதான்). சிந்தினேன். விரல் சுட்டது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் காலை அரை அடி நகர்த்திக்கொண்டார். மாஸ்டர் பார்க்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ராத்திரி மட்டும் பழைய வேலை: சிந்தியதை ஒன்பது தடவை அசைபோட்டேன். முன்பெல்லாம் விடிய விடிய ஓடும். மாத்திரை செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். பயத்தின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மூன்று நாள் மாத்திரையை விட்டேன். தலை சுற்றல், திரும்பினால் மண்டைக்குள் சின்ன ஷாக் மாதிரி, அம்மா மேல் எரிந்து விழுந்தேன். டாக்டர் திட்டவில்லை. "அடிமையாக்குற மாத்திரை இல்ல. ஆனா பட்டுனு விடுற மாத்திரையும் இல்ல." சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து, அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அக்கா மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி, வேறு ஆள் போட முடியாத நாற்காலி. சுற்றி நூறு பேர், பத்துப் பதினைந்து போன் கேமரா. நேற்று ராத்திரி இரண்டு மணிவரை தூக்கமில்லை.

குட்டியின் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். மேடம் சொல்லித் தந்தபடி பார்வையை என் கையிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பத்தர் காதில் மையால் புள்ளி வைத்தார். அவர் விரலும் லேசாக நடுங்கியது, வயது எழுபதாவது இருக்கும். ஊசி இறங்கியதும் குட்டி அலறி என் கட்டைவிரலைக் கடித்தாள்.

சாப்பிட்ட பிறகு பெரியப்பா கூப்பிட்டார். மொய் எழுதுகிறவர் பந்திக்குப் போக வேண்டுமாம். வயிறு பிசைந்தது. உட்கார்ந்தேன். பேனாவைத் தளர்வாகப் பிடித்தேன். பதினான்கு பெயர். ஆறாவதில் ஆட ஆரம்பித்தது, நிறுத்தவில்லை.

பெரியப்பா நோட்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏப்பா, இது ஐநூறா, ஐயாயிரமா?"

"ஐநூறு பெரியப்பா. அது பூஜ்யம் இல்ல, கை ஆடுனது."

"ஐயாயிரம்னு நெனச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.