எட்டாவது பீஸ்

ஜூன் 14, 2025, சனி

இன்று எங்கள் தையல் கம்பெனியில் சம்பள நாள். கவரை வாங்கிக்கொண்டு அனுப்பர்பாளையம் பஸ் ஏறியபோது, ஓவர்லாக் மிஷினில் இருக்கும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் காசு. நான் செக்கிங்கில், தைத்ததில் பழுது பார்ப்பவள்; ஷிப்ட் கணக்கு. "நீ எட்டு மணி நேரம் நின்றால் சம்பளம். நான் நின்றதை யார் கேட்கிறார்கள்? ஆல்டர் என்று நீ திருப்பிவிட்டால், பிரித்துத் தைத்துக் கொடுக்கும்வரை அந்த பீஸ் என் கணக்கில் ஏறாது, கண்ணு" என்றார்.

படுத்த பிறகும் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. படிப்பிலும் இந்த இரண்டு கணக்கும் உண்டே. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை எண்ணிப் பட்டம் கொடுப்பது ஒன்று. கற்றதைச் செய்து காட்டச் சொல்லி, காட்டினால் மட்டும் அடுத்ததற்கு அனுப்புவது இன்னொன்று. 2009-ல் பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனிக்கு வந்தவள் நான். வகுப்பில் போய் உட்கார எனக்கு நேரம் இல்லை. பீஸ் ரேட் படிப்பு என்றால் என்னால் முடியும்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு முகவரிடம் முன்பணம் கட்டி ஏமாந்தேன். "படிக்கவே வேண்டாம், பட்டம் வீடு தேடி வரும்" என்றார். அந்த நிறுவனத்துக்கு அனுமதியே இல்லை என்று கட்டிய பிறகுதான் தெரிந்தது. பணம் போனது போனதுதான். படிக்கவே வேண்டாம் என்றதும் எழுந்து வந்திருக்க வேண்டும்; அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆன்லைன் பட்டத்துக்கும் தொலைநிலைப் பட்டத்துக்கும் 2020-ல் வந்த விதிமுறைகளின்படி யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் பெயர் அந்த அனுமதிப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

இம்முறை பட்டத்தில் தொடங்கவில்லை, ஒரே ஒரு பாடத்தில் தொடங்குகிறேன்: புள்ளியியல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தில் பாடங்களைக் காசில்லாமல் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வில் தனியாக 75-க்கு 30 எடுத்தாக வேண்டும். வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஷிப்மென்ட் நெருக்கடி. ஒன்பதரைக்குத்தான் வீடு. இருபது நிமிடம் பார்த்தேன், அதில் ஐந்து நிமிடம் தூக்கம். நாளை அதே இடத்திலிருந்து.

ஜூலை 13, ஞாயிறு

புள்ளியியலில் மூன்றாம் பாடம் முடிந்ததும் எனக்கு நானே ஒரு தேர்வு வைத்தேன். பத்துக் கணக்கில் ஆறு சரி. அறுபது மதிப்பெண் என்றால் பள்ளியில் நல்ல தேர்ச்சி. அந்தத் தெம்பில் நான்காம் பாடத்தைத் திறந்தேன். நிபந்தனை நிகழ்தகவு: ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கு வாய்ப்பு என்ன என்ற கணக்கு. ஒரு வரி புரியவில்லை. இரண்டு நாள் அழுகையே வந்தது. பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தால், தவறிய நான்கு கணக்கும் ஒரே இடத்தில் தவறியிருந்தன. அந்த ஓட்டையைத் தைக்காமல் அடுத்த பாடத்துக்குத் தாவியிருக்கிறேன்.

1968-லேயே பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதைத்தான் சொன்னார். எல்லோருக்கும் ஒரே நேரம் கொடுத்தால் கற்பது ஆளுக்கு ஆள் மாறும். எல்லோரும் முழுதாகக் கற்க வேண்டுமானால் நேரத்தை ஆளுக்குத் தக்கபடி விட வேண்டும். அவர் சொன்னது ஆசிரியர்களுக்கு. எனக்கு ஆசிரியர் இல்லாததால் நானே சட்டம் போட்டுக்கொண்டேன்: பத்துக்கு ஒன்பது வராமல் அடுத்த பாடம் கிடையாது. அதே கணக்கைத் திரும்பப் போடக் கூடாது, புதுக் கணக்கு.

நிபந்தனை நிகழ்தகவைக் கடைசியில் எங்கள் கம்பெனி ஹாலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டு தையல் லைன், இரண்டும் சரிபாதி தைக்கின்றன. முதல் லைனில் நூற்றுக்கு 2 பழுது, இரண்டாவதில் 4. கையில் ஒரு பழுது பீஸ் வந்தால் அது இரண்டாவது லைனுடையதாக இருக்க வாய்ப்பு என்ன? மூன்றில் இரண்டு; இரண்டும் நூறு நூறு தைத்தால் வரும் ஆறு பழுதில் நான்கு அதனுடையது. "இரண்டாவது லைன் பீஸ் பழுதாவது" வேறு, "பழுதான பீஸ் இரண்டாவது லைனிலிருந்து வந்தது" வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து எத்தனை தையல்காரர்களை நாங்கள் திட்டியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் மகளும் வந்திருந்தாள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "அத்தை, இந்தப் பருவத்துப் பாடம் எனக்கு முன்பே தெரியும். 75 சதவீத வருகைக்காக உட்கார்ந்திருக்கிறேன். இப்போதே தேர்வு எழுதிவிட்டுப் போக முடியாதா?" என்றாள்.

அவளுடைய கல்லூரியில் முடியாது. முடிகிற இடம் இருக்கிறது என்று சொன்னேன். அமெரிக்காவில் 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-ல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். தெரிந்த பாடத்தை ஒரு வாரத்தில் தேறிவிட்டு அடுத்ததை எடுக்கலாம், கூடுதல் பணம் கிடையாது. நம் ஊரில் அந்த அளவுக்கு வரவில்லை. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பட்டத்திலும் பருவம் உண்டு, வாரக் கெடு உண்டு, தேர்வு நேரில்தான். ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை பாடம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். பாதியில் நின்றாலும் சான்றிதழ், டிப்ளமோ என்று கையில் ஏதாவது மிஞ்சும். வயது வரம்பும் இல்லை.

"அப்படியானால் நீங்கள் சேருங்கள் அத்தை" என்றாள் அவள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பாடம் முடியட்டும், அம்மிணி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை பரபரக்கிறது.

பையர் இன்ஸ்பெக்ஷன், வாங்குபவர் தரப்புச் சோதனை. லாட் 2,400 பீஸ். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க பழுது அளவு, நூற்றுக்கு 2.5 என்றால் 125 பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏழு பழுது வரை லாட் பாஸ், எட்டாவது வந்தால் பெயில். பதினைந்து வருடமாக இந்த ஏழும் எட்டும் எனக்குச் சாமி வாக்கு மாதிரி. ஏன் ஏழு என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டேன். லாட்டில் உண்மையாகவே நூற்றுக்கு இரண்டரை பழுது இருந்தால், 125-ல் சராசரியாக 3.125 வரும். அரிதாக நடப்பதை எண்ண உதவும் பாய்சான் பரவலில் வைத்து, பூஜ்யம் முதல் ஏழு வரை ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டினேன். 0.985. அதாவது அப்படிப்பட்ட நல்ல லாட் நூற்றுக்கு 98 முறைக்கு மேல் பாஸ் ஆகும். நூற்றுக்குப் பத்துப் பழுதுள்ள லாட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஏழு முறைதான் தப்பிக்கும். தைப்பவரை வீணாகத் தண்டிக்காமலும், வாங்குபவர் ஏமாறாமலும் இருக்க எங்கே கோடு போடுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்தக் கோடுதான் எட்டாவது பீஸ்.

சாப்பாடு ஆறிவிட்டது. பழுதான இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று விரலில் ஒட்டியபடியே இருந்தது. திரும்பி வந்து மேஜையில் பீஸை விரித்தபோது, தோள்பட்டைத் தையலில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் கை நின்றது. இது வெறும் ஒன்று அல்ல, எட்டில் ஒன்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பரவல் பாடத்துக்குத் தேர்வு. பத்துக்கு எட்டு. சட்டம் போட்டவளே நான்தானே, விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. தவறிய இரண்டில் ஒன்று கூட்டல் பிழை. இன்னொன்று, பாய்சான் போட வேண்டிய இடத்தில் ஈருறுப்புப் பரவல் என்ற வேறொன்றைப் போட்டுக் குழம்பியது. அதை மட்டும் மறுபடி கேட்டேன், இரண்டு முறை. மகள் பள்ளி நோட்டில் கடைசிப் பத்துப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். புதன்கிழமைக்குப் புதுக் கணக்குகள் பத்து எழுதி வைத்துவிட்டேன்.