போர்க்களத்தில் சைடு ஸ்டாண்டு

பழைய போர்க்களம் பார்க்கப் போய், புள்ளலூர் வயல் ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டு, கையில் மேப்போடு நாலு பக்கமும் பார்த்தால், போகிறவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நெலம் பாக்க வந்தீங்களா சார்?" ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள், சென்ட் என்ன விலை என்பதில் ஆரம்பித்து புரோக்கர் நம்பர் வரை வந்துவிடும். "வெள்ளைக்காரன் கல்லறை எங்கண்ணே?" என்று கேட்பதே உத்தமம்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் இந்த ஊர் அப்படியொன்றும் லேசுப்பட்டதில்லை. மகேந்திரவர்மன் இங்கே பகைவர்களை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மடக்கியது இங்கேதான். மைசூர் ராக்கெட்டுகள் பறக்க, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்கு முன்பே கொசஸ்தலை ஆற்று வெள்ளம் அவரை நாள்கணக்கில் தடுத்து வைத்திருந்தது; காஞ்சிபுரத்தில் இருந்த இன்னொரு கம்பெனித் தளபதி மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. மறு வருஷம் ஆகஸ்ட் 27இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்து அதே இடத்தில் ஹைதரோடு மோதினார். இவ்வளவுக்கும் இன்று கண்ணில் படுவது வயலும், அந்த இரண்டாம் சண்டையில் செத்த இரு ஆங்கிலேய அதிகாரிகளின் கல்தூண்களும்தான்.

அந்தத் தூண்களை போட்டோ எடுக்கக் குனியும் நேரத்தில்தான் பின்னால் 'தொப்' என்று சத்தம் கேட்கும். பாய்ச்சிய வயலோர மண்ணில் சைடு ஸ்டாண்டு கத்திபோல் இறங்கும், முழு டேங்க் பெட்ரோல் என்றால் இன்னும் சீக்கிரம். உள்ளங்கை அகலத் தட்டைக்கல் ஒன்றை ஸ்டாண்டு நுனிக்குக் கீழே வையுங்கள், முதல் கியரில் நிறுத்துங்கள்.

அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள், அடிப்பது உங்கள் டயர், கூலி கிடையாது. அதன்மேல் பிரேக் போட்டால் வழுக்கும். ஓரமாய் மெதுவாய்க் கடந்து, சைலன்சரிலும் பின்சக்கர அச்சிலும் சிக்கிய வைக்கோலை உருவிவிடுங்கள், சூட்டில் கருகிப் புகையும்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். திரி செருகும் கிட் டியூப்லெஸ்ஸுக்கு மட்டுமே உதவும். டியூப் டயர் என்றால் மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், பம்பு வேண்டும். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். முறிந்த முள்நுனி உள்ளே இருந்தால் அடுத்த ஊருக்குள் மறுபடி 'புஸ்'.

அடுத்த போர்க்களம் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று இதே அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், அவரோடிருந்த புஸ்ஸி பிடிபட்டார், பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு அதோடு சரி. கோட்டையில் மிச்சமிருப்பதைச் சுற்ற அரைமணி போதும். மீதி நேரம் கோரைப்பாய் பேரம். சுருட்டிய நாலடிப் பாயை சீட்டில் குறுக்கே கட்டினால் ஹேண்டில்பாரைவிட அகலம். எதிரே பஸ் வந்தால் அதுவும் ஒரு போர். நீளவாக்கில் படுக்கவைத்து இரண்டு எலாஸ்டிக் கயிற்றால் இறுக்குங்கள். பின்னால் ஆள் இருந்தால் தோளில் சாய்த்துப் பிடிக்கட்டும், பீரங்கி பார்க்க வந்து கிடைக்காத குறையும் தீரும்.