குடத்துத் தண்ணீர் வடியாத கொல்லை

நெல் விளைகிற மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டிய தெரு எங்களுடையது. நெல்லும், அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே விசிறிவிடும் உளுந்தும்தான் அப்பாவின் விவசாயம். காய்கறி என்றால் தாராசுரம் மார்க்கெட்டில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வரும் வண்டிதான். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, நான்கு மொந்தன் வாழை. மீதி இடம் சும்மா கிடந்தது.

2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 28 ஆகிவிட்டது. எங்களுக்கு ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்பதால் அப்பா குறுவை நெல் போடவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆடிப்பெருக்குக்கு நல்லவேளையாக ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு ஆற்றில் விட வீட்டு மூலையில் முளைப்பாரி போட்டிருந்தேன். வெளுத்த பச்சையில் விரல் நுழையாத நெருக்கத்தில் அது எழுந்து நின்றதைப் பார்த்தபோதுதான் கொல்லையிலும் ஏதாவது போடலாமே என்று தோன்றியது. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க, போடேன்" என்றார் அப்பா.

மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் விதைத்தேன். பழைய பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டு நாற்று விட்டு, புரட்டாசியில் 42 செடிகளைத் தரையில் பிடுங்கி நட்டேன். எல்லாம் உயிர் பிடித்தன. ஐப்பசி நடுவில் மிளகாய் பூவெடுத்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன்.

நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்கு முன்னாலேயே டெல்டா முழுக்க மழை அடித்தது. வயல்களில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது, அப்பா வடிகாலை வெட்டிவிட விடியற்காலையிலேயே போய்விடுவார். கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை விட்டு, மேலே நின்ற தண்ணீர் வடிந்து வெயில் வந்ததும் மிளகாய்ச் செடிகள் எல்லாம் தலை தொங்கிப்போயின. மேல்மண் காய்ந்த மாதிரி இருந்தது. இலை வாடினால் தாகம் என்றுதானே நமக்குத் தெரியும்? ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறியிருந்தது. இரண்டு விரலால் லேசாக உருவினால் மேல்தோல் மட்டும் சொதசொதவென்று கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். சாக்கடை நாற்றம். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும் உறிஞ்சுவதற்கு வேர் இல்லாமல் அந்தச் செடி தாகத்தில் செத்திருக்கிறது. அதன் தலையில்தான் நான் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். 42-ல் தப்பியது ஐந்து கத்தரி. அவை வாழைப் பக்கத்து மேட்டில் இருந்தவை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் கொல்லையில் மல்லி, கனகாம்பரம், மரு, டிசம்பர் பூ எல்லாம் உண்டு. கதம்பத்துக்கு வெளியில் வாங்குவது அரிது. "ஒரு முழக் குழி வெட்டி ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டுப் போய்ப் படு. காலையில வந்து பாரு, மண்ணே சொல்லும்" என்றார். தரை கொஞ்சம் காய்ந்த பிறகு, மார்கழியில் ஒரு சாயங்காலம் அப்படியே செய்தேன். காலையில் கோலம் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் குழியில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மல்லிப் பாத்தியில் ஊற்றிய குடம் அடுப்பில் பால் பொங்குவதற்குள் இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே மண்தான். அவர் முப்பது வருஷமாக எருவும் சருகும் போட்டுப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கிறார்.

அப்பாவிடம் குழியைக் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கொல்லையின் அந்தப் பாதி தாத்தா காலத்தில் நாற்றங்காலாம். "நாங்க சேறடிக்கிறதே தண்ணி கீழ இறங்கக் கூடாதுன்னுதாம்மா. நெல்லுக்கு அது வரம்" என்றார். நெல்லுக்கு இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேர் வரைக்கும் காற்று இறங்குவதற்கு உள்ளே வழி இருக்கிறது, அதனால் தண்ணீருக்குள் நின்றாலும் மூச்சு முட்டாது. மிளகாய்க்கு அந்த வசதி கிடையாது, மண்ணில் இருக்கும் காற்றை வைத்துத்தான் அதன் வேர் பிழைக்க வேண்டும். இந்த ஒன்று மட்டும் ஆடியிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் அத்தனை செடிகளும் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

தையில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை தரையில் நடவில்லை, ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். மண்ணைப் பொலபொலப்பாக்க மணல் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் எங்கள் ஊரில் ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை. நெல் அவிக்கும் அடுப்பில் எரிந்தது போக மில்லுக்குப் பின்னால் உமிக்கரி குவிந்து கிடக்கிறது. நாங்கள் சின்ன வயசில் பல் தேய்த்த அதே உமிக்கரிதான். நான்கு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். மூன்று கூடை மண்ணுக்கு ஒரு கூடை மக்கிய எரு, ஒரு கூடை உமிக்கரி, கூடவே இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. அந்தக் கலவையில் குடத்துத் தண்ணீர் நிற்காமல் இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் முதல் காய் பறித்தபோதுகூட வரவில்லை.

மிளகாய் வந்தது, தக்காளி வந்தது. கத்தரியில் குருத்து மட்டும் திடீர் திடீரென்று தலை சாயும், கீறிப் பார்த்தால் உள்ளே புழு. வாடிய குருத்தை இரண்டு விரற்கடை கீழேயே கிள்ளி எரித்துவிட வேண்டும், விட்டால் காய்க்குள் போய்விடும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் ஓடி எல்லாமே போயிற்று. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது, வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கிப் போட்டேன்.

நான் ரொம்பவும் கற்றுக்கொண்டது பீர்க்கிடம்தான். தென்னை மட்டையும் சவுக்குக் கழியும் வைத்து அப்பா பந்தல் போட்டுக் கொடுத்தார். பங்குனியில் பந்தல் முழுக்கப் பூ. ஆனால் பிஞ்சுகள் விரல் நீளம்கூட ஆகாமல் மஞ்சளாகி உதிர்ந்தன. பூசணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால், விடிந்ததும் போய்த் தடவினேன். பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு பந்தலடியில் உட்கார்ந்தபோதுதான் கண்டுபிடித்தேன். ஐந்தரை மணிக்கு முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு ஆறு மணிக்கெல்லாம் இதழைப் பிரித்து விரிந்துவிட்டது. பீர்க்கம்பூ பூப்பதே அந்தி சாய்கிற நேரத்தில்தான்! காலையில் நான் தடவிக்கொண்டிருந்தது வேலை முடிந்து வாடத் தொடங்கிய பூ. அன்றைக்கே ஒரு ஆண் பூவைப் பறித்து இதழைக் கழித்துவிட்டு, அடியில் சின்னஞ்சிறு பீர்க்கங்காயே ஒட்டியிருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தேன். மஞ்சள் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. ஆறு பூவுக்குச் செய்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். மூன்றாம் நாள் அவற்றில் ஐந்து பிஞ்சு பச்சை மாறாமல் பருத்திருந்தன. அதிலிருந்து வேலை விட்டு வந்ததும் முதலில் பந்தலுக்குத்தான் போவேன், காபி அப்புறம். முற்றுவதற்கு முன் பறித்த பீர்க்கங்காயின் தோலில் துவையல் அரைத்து அப்பாவுக்கு வைத்தேன். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பூச்செடி எல்லாம் பெரியம்மா போட்ட பிச்சை. கார்த்திகைக் கடைசியில் அவர் மல்லிச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளியபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. பங்குனியில் வெட்டிய ஒவ்வொரு கிளையிலும் நான்கு துளிர், ஒவ்வொன்றிலும் மொக்கு. கனகாம்பரத்துக்கு மட்டும் விதை கொடுத்தார். காய்ந்த கதிரை என் மகன் கையில் வைத்து, "ஈரக் கையால தொடு பாப்போம்" என்றார். அவன் விரலை நாக்கில் நனைத்து ஒரு காயைத் தொட்டான். இரண்டு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் 'டப்' என்று வெடித்து விதை அவன் சட்டையில் தெறித்தது. ஈரம் பட்டால்தான் அந்தக் காய் வெடிக்கும். மழை வந்துவிட்டது, முளைக்கலாம் என்று தெரிந்துகொள்ள அதற்கு அதுவே வழி. அன்று முழுக்க அவன் வெடித்து வெடித்து விதைகளைக் கொல்லை பூராவும் இறைத்துவிட்டான். இப்போது எதிர்பாராத இடத்திலெல்லாம் கனகாம்பரம் நிற்கிறது. எதையும் நான் பிடுங்கவில்லை.

இந்த வருஷம், 2025-ல், மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்தாயிற்று. அப்பா குறுவை போட்டு அறுத்தும்விட்டார். போன வாரம், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, நான் வேலை முடிந்து வந்தபோது அவர் கொல்லையில் மண்வெட்டியோடு நின்றார். துவைக்கல்லின் பக்கவாட்டில் ஒரு சேற்றுக்கறைக் கோடு இருக்கிறது, போன கார்த்திகை மழையில் தண்ணீர் நின்ற அளவு. வருஷம் முழுக்க அந்தக் கல்லில் துணி துவைத்தும் நான் அதைப் பார்த்ததில்லை. கோட்டில் கையை வைத்து, அங்கிருந்து பாத்தியின் விளிம்பு வரைக்கும் நூல் பிடித்திருந்தார். "உன் பாத்தி இந்தக் கோட்டுக்கு நாலு விரல்தான் மேல இருக்கு" என்றார். "இதுக்கு மேல ஒரு சாண் ஏத்தணும். மண்ணு நான் வெட்டித் தரேன், உமிக்கரிக்குச் சொல்லிட்டியா?"

ஆறு சாக்கு சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வண்டி வருகிறது.