வோல்டா ஆற்றங்கரைத் தையல் வகுப்பு

பிப்ரவரி 12, 2024

ஹர்மாட்டன் காற்று இன்னும் ஓயவில்லை. சகாராவிலிருந்து வரும் புழுதி, தையல் இயந்திரங்களில் விட்ட எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடுகிறது. காலை வகுப்பில் பாதி நேரம் துடைப்பதிலேயே போயிற்று.

அங்கே என்னதான் வேலை என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கானாவின் தென்கிழக்கில் எவே மக்களில் சிலரிடையே ட்ரோகோசி என்றொரு வழக்கம் உண்டு. குடும்பத்தில் யாரோ திருடியிருப்பார்கள், அல்லது கொலை செய்திருப்பார்கள். தெய்வம் அந்த வீட்டில் ஒவ்வொருவராகக் காவு வாங்கும் என்று பயந்து, பரிகாரமாக ஒரு சிறுமியைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். குற்றவாளி அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன பாட்டனாகக்கூட இருக்கலாம். பூசாரியின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், வயதுக்கு வந்தபின் அவருக்குப் பிள்ளை பெற வேண்டும். அவள் இறந்தால் அதே வீட்டிலிருந்து இன்னொரு பெண்.

அப்படியிருந்து வெளியே வந்த பெண்களுக்குத்தான் நான் தையல் சொல்லித் தருகிறேன்.

பிப்ரவரி 15

‘போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதானே?’ என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். 1992 அரசியலமைப்பே அடிமைத்தனத்தைத் தடை செய்கிறது. 1998-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, இப்படி ஒருவரை அனுப்பிவைப்பவருக்கும் குறைந்தது மூன்றாண்டுச் சிறை என்று எழுதிவைத்தார்கள். ஆனாலும் பெண்கள் வெளியே வந்தது பெரும்பாலும் பேச்சுவார்த்தையால்தான். இன்டர்நேஷனல் நீட்ஸ் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் 1990-களில் பூசாரிகளோடும் ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசின. மாடும் பணமும் பூசாரிகளுக்குக் கைமாறின. பூசாரியே சடங்கு செய்து, தெய்வத்துக்கு இனி இவர்கள்மேல் உரிமையில்லை என்று ஊரறியச் சொன்னார்.

குற்றம் செய்தவருக்கே மாடா என்று எனக்கும் முதலில் வயிறு எரிந்தது.

பிப்ரவரி 20

வகுப்பில் மூத்தவர் ஓர் அம்மா. பெயர் எழுதப்போவதில்லை. கத்தரிக்கோலை இடது கையில்தான் பிடிப்பார். வலது கைச் சுண்டுவிரல் மடங்காது, மண்வெட்டி பட்டது. விடுதலைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூல்கண்டுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

இன்று காஜா எடுத்துக்கொண்டே, மொழிபெயர்க்கும் பெண் வழியாகச் சொன்னார்: “போலீஸ்காரர் கூட்டிவந்திருந்தால் அன்று ராத்திரியே திரும்பிப் போயிருப்பேன். என் தங்கை மகன் காய்ச்சலில் விழுந்தால் யார் பதில் சொல்வது? கட்டியவரே அவிழ்த்தார். அதனால்தான் இங்கே தூங்குகிறேன்.”

அந்த மாட்டைப் பற்றி இனி நான் வாய் திறப்பதாக இல்லை.

மார்ச் 6

சுதந்திர தினம். பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்துப் போனார்கள். சில சீருடைகள் எங்கள் வகுப்பில் தைத்தவை. காலர் ஒன்று கோணல், எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மதியம் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் ‘சாட்சி’ வேண்டும், படம் வேண்டும், கண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. பெண்களிடம் கேட்டேன். தைத்த சட்டைகளைக் காட்டுகிறோம், முகத்தைக் காட்டமாட்டோம் என்றார்கள். அப்படியே சொல்லிவிட்டேன். ஒருவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் சபையை விட்டு விலகி 1982-இல் ஆரம்பித்த ஆஃப்ரிகானியா மிஷன், முன்னோர் மதத்தை இழிவுபடுத்தவே கிறிஸ்தவர்கள் ட்ரோகோசியைப் பூதாகரமாக்குகிறார்கள் என்கிறது. நன்கொடை கேட்டு அச்சிடும் சில துண்டறிக்கைகளைப் பார்த்தால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மண்வெட்டி பட்ட அந்த விரல் துண்டறிக்கையில் வரைந்ததில்லையே.

நம் பக்கமும் இந்தச் சண்டை நடந்ததுதான். 1901-இல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த சிறுமியை மிஷனரி எமி கார்மைக்கேல் சேர்த்துக்கொண்டார், டோனாவூர் இல்லம் அப்படித்தான் வளர்ந்தது. பிள்ளை பிடிக்கிறார் என்ற பழியையும் அவர் சுமந்தார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வர 1947 ஆயிற்று.

மார்ச் 9

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. கொல்லையில் காரி வறுத்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே கல்லேற்றிப் புளித்த நீரை வடித்து, அகன்ற சட்டியில் கிளறிக்கொண்டே வறுப்பது. புகையில் கண் எரிகிறது. ஆனால் தையலைவிட இதில் காசு சீக்கிரம் கைக்கு வருகிறது, அதனால் இளையவர்கள் பலர் சட்டிப் பக்கம் சாய்கிறார்கள். நான் தடுக்கவில்லை.

போதகர் வந்திருந்தார். ஈஸ்டருக்குப் பாடகர் குழுவுக்குப் புது அங்கிகள் வேண்டுமாம். கூடவே, அந்த அம்மா எப்போது ஞானஸ்நானம் எடுப்பார் என்றும் கேட்டார். அவசரமில்லை, இன்னும் யோசிக்கிறேன் என்று அம்மாவே சொன்னார். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்கிறார், காணிக்கைத் தட்டு வரும்போது எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அங்கி விஷயத்துக்கு மட்டும் யோசிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துப் போதகரின் தோளிலேயே அளந்து காட்டி, துணி உங்களுடையது, கூலி அங்கிக்கு இவ்வளவு சீடி (கானா நாணயம்), பாதி முன்பணம் என்றார். தேவாலயத்து வேலையாயிற்றே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றார் போதகர். மொழிபெயர்க்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சொன்னாள். அம்மா நாடாவைச் சுருட்டினார். குறைக்க முடியாதாம்.

திங்கட்கிழமை முன்பணம் வருகிறது.