எங்கள் சுவரில் தலைகீழாக ஒரு வேப்பமரம்

ஹம்பி விருபாட்சர் கோயிலில் கோபுரத்தின் பிம்பம் ஓர் இருட்டறைச் சுவரில் தலைகீழாக விழும். போன டிசம்பரில் அதைப் பார்த்ததிலிருந்து, "நம் வீட்டிலும் வரவழைக்கலாமா அப்பா?" என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நேற்று செய்துவிட்டோம்.

மாடி அறை ஜன்னலைக் கறுப்புத் தாளால் இரண்டு அடுக்காக மூடி, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. இடுக்குகளை அடைக்கத்தான் நேரம் பிடித்தது. கதவின் அடியில் அம்மாவின் பழைய சேலையைச் சுருட்டி வைத்தோம். விளக்கை அணைத்ததும் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகப் பழக, எதிர்வீட்டு வேப்பமரம் மெல்ல எழுந்தது: அடிமரம் மேலே, கிளைகள் கீழே, இலைகள் காற்றில் அசைகின்றன! ஒளி நேர்கோட்டில்தானே வருகிறது. கீழிருந்து வருவது துளை வழியே மேலே போய் விழுகிறது. கேமராவும் இப்படித்தான்; 'கேமரா' என்ற லத்தீன் சொல்லுக்கே அறை என்றுதான் பொருள்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா, "பூக்காரி உத்தரத்தில் நடந்து போகிறாளடா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முக்காலியில் கேமராவை வைத்து, ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 800 ஆக்கி, 30 விநாடி ஒளியை உள்ளே விட்டுப் படமெடுத்தேன். கண்ணுக்கு வெளிறித் தெரிந்த வானம் படத்தில் நல்ல நீலம். அசைந்த இலைகள் பச்சைப் புகையாகிவிட்டன. நிறுத்தியிருந்த சைக்கிளின் மணிகூடத் தெரிகிறது.

தாளைப் பிரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். இன்று மதியச் சாப்பாடும் அந்த இருட்டில்தான்.