படங்கள் வந்துவிட்டன, பெயர்கள் வரவில்லை

எங்கள் குடும்பத்திலும் நட்பு வட்டத்திலும் சிலர் அண்மையில் கணினியில் இருந்த படத்தொகுப்பு மென்பொருளை மாற்றிக்கொண்டார்கள். பழையதற்கு இனிப் புதுப்பிப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. அதே நிறுவனம் புதிய செயலி ஒன்றைத் தந்து, எல்லாவற்றையும் தானே மாற்றித் தருவதாகச் சொன்னது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த நிறுவனத்தைத் திட்டுவதாகவோ புகழ்வதாகவோ திசை மாறிவிடும். அதைத் திறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் வந்த கோபமும் குதூகலமும்தான் எனக்குச் சுவையாக இருந்தன.

முதலில் அழைத்தவர் அண்ணன். அழைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்தினார்.

"ஏம்மா, என் நட்சத்திரமெல்லாம் எங்கே?"

அண்ணனிடம் 40,000 படங்களுக்கு மேல் இருக்கின்றன. ஆண்டு, மாதம், நிகழ்ச்சி என்று கோப்புறைகளுக்குப் பெயர் வைத்து அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். மூன்று என்றால் உறவினருக்கு அனுப்பலாம். நான்கு என்றால் அச்சுப்போடலாம். ஐந்து என்றால், தாம் போன பிறகும் பிள்ளைகள் அழிக்கக் கூடாத படம். புதிய செயலியில் நட்சத்திரம் கிடையாது. பிடித்திருந்தால் ஓர் இதயம், பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. மூன்றும் நான்கும் ஐந்தும் ஒரே இதயமாகிவிட்டன. மாமியார் வீட்டு விருந்தும் அப்பாவின் கடைசிப் பிறந்தநாளும் இப்போது ஒரே தகுதியில் இருக்கின்றன. அண்ணிக்கு இதில் வருத்தமில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணனுடைய கோபத்தைக் கேட்டபோது 2015 நினைவுக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2002இல் ஐபோட்டோ, 2005இல் அபெர்ச்சர் என்று இரண்டு படத்தொகுப்பு மென்பொருள்களைக் கொண்டுவந்தது. 2014 ஜூன் மாதம், அபெர்ச்சரை மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. 2015 ஏப்ரலில், யோசெமிட்டி இயங்குதளத்தின் 10.10.3 பதிப்போடு, இரண்டுக்கும் பதிலாக 'போட்டோஸ்' வந்தது. வேகம் கூடியிருக்கிறது என்று பாராட்டியவர்கள் உண்டு. நட்சத்திர மதிப்பீடுகள் வெறும் குறிச்சொற்களாக மாறியதையும், நிகழ்ச்சிவாரியான அடுக்கு ஆல்பங்களாகிவிட்டதையும் கண்டு கொதித்தவர்களும் உண்டு. அதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பழைய தொகுப்பைப் புதியதற்கு மாற்றும்போது வன்வட்டில் இடம் இரட்டிப்பாகாதபடி, ஒரே கோப்பை இரு தொகுப்புகளும் சுட்டும்படி செய்திருந்தார்கள். எவ்வளவு நுட்பமான வேலை! படம் ஒன்றுகூடத் தொலையக் கூடாது, ஒரு பைட்கூட வீணாகக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நட்சத்திரம் வைத்தவருடைய மாலை நேரங்களைப் பற்றி அதே அளவு யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

வீடு மாற்றித் தருபவர்கள் சாமான்களைக் கீறலில்லாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நாம் ஒட்டியிருந்த சீட்டுகளை மட்டும் கிழித்துப் போட்டால் எப்படி இருக்கும்? அண்ணனின் நிலைமை அதுதான்.

சித்தியின் கதை நேர்மாறானது. சிங்கப்பூரில் தெம்பனிஸ் பகுதியில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், படங்களை அடுக்கியதே இல்லை. பேரப்பிள்ளைகள் அனுப்பியதெல்லாம் மடிக்கணினியில் கொட்டிக் கிடந்தன. புதிய செயலி முகங்களைத் தானே பிரித்து வட்டம் வட்டமாகக் காட்டியதும் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தட்டெழுதினார். மறுநாளே எல்லா முகங்களும் பெயரோடு வந்து நின்றன. நிறைய பேருக்கு அது தெரியாத வித்தை அன்று, 2009இலேயே ஐபோட்டோவிலும் பிகாசா என்ற இன்னொரு படத்தொகுப்பு மென்பொருளிலும் வந்துவிட்டதுதான். ஆனால் சித்திக்கு இது முதல் முறை.

அதில் ஒரு பிழையும் இருந்தது. சித்தியின் அம்மாவை, அதாவது என் பாட்டியை, இளவயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் செயலி கொள்ளுப்பேத்தியின் வட்டத்தில் சேர்த்துவிட்டது. பிரித்துவிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும். நான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இப்போதாவது ஒருவர் ஒத்துக்கொண்டாரே."

கொள்ளுப்பேத்திக்கு வயது பத்தொன்பது. முப்பது வருடக் கணக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

தேக்கா பக்கம் திருமணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத் திருமணங்கள் எல்லாம் அவர் கையில்தான். செயலியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது எனக்கானது இல்லை அக்கா" என்று மூடிவிட்டார். அவருக்கு வேண்டியவை வேறு: கேமரா பதிந்தபடியே சுருக்காமல் வைத்திருக்கும் 'ரா' படங்களை நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும், இரண்டு படங்களை அருகருகே வைத்து மணப்பெண் எதில் கண்ணை மூடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும், மூலக் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய மென்பொருள் ஓடும் ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, புதுப்பிப்பு எதுவும் நுழையாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். இதுவும் உலகத்தில் புதிதன்று. அபெர்ச்சரை விட மனமில்லாதவர்கள் 2018இல் வந்த மொஹாவே இயங்குதளத்தோடு நின்றுவிட்டார்கள். 2019இல் வந்த கேட்டலினாவில் அது ஓடாது. அந்தக் கணினி பழுதாகும் நாளைப் பற்றித் தம்பியிடம் பேச எனக்குத் துணிவில்லை.

அண்ணன் மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைப்பணியில், இருக்கிறான். அவனுக்கு இந்தக் கூச்சலே விளங்கவில்லை. "எதற்கு அத்தை அடுக்க வேண்டும்? தேடினால் கிடைக்கிறதே" என்கிறான். 'கேக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேக் இருக்கும் படங்கள் வருகின்றன. 'கடற்கரை' என்று தட்டினால் ஈஸ்ட் கோஸ்ட் வருகிறது. உண்மைதான். ஆனால் அவன் தேடுவதெல்லாம் படத்துக்குள் கண்ணால் காணக்கூடியவை. அந்தக் கேக் யாருடைய எத்தனையாவது பிறந்தநாளுக்கு வாங்கியது, அன்று வராதவர் யார் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதை யாராவது எழுதினால்தான் உண்டு.

இங்கேதான் அப்பாவின் படங்களுக்கு வர வேண்டும். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்கள் ஓர் உறை நிறைய இருந்தன. புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில் இருக்கிறது. அது தளத்தின் பக்கமாக இருந்த காலத்துப் பங்குனி உத்திரப் படங்களும் அதில் உண்டு. அண்ணன் அவற்றை 2019இல் வருடிக் கணினியில் ஏற்றினார். பழைய மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் சரியான ஆண்டைக் கைப்பட மாற்றி வைத்திருந்தார். புதிய செயலி எல்லாவற்றையும் 2019க்குக் கொண்டுபோய்விட்டது. காலவரிசையில் அப்பா காவடியோடு நிற்கிறார். அடுத்த படத்தில் அண்ணன் மகன் பள்ளி முகாமில் கூடாரம் அடிக்கிறான்.

காரணம் எளிமையானது. கேமரா எடுக்கும் படத்தில் தேதி 'எக்ஸிஃப்' என்னும் தகவலாகக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். வருடிய படத்தில் அது இருக்காது, அல்லது வருடிய நாள் இருக்கும். அண்ணன் திருத்திய தேதியைப் பழைய மென்பொருள் தன் சொந்தத் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டதே தவிர, கோப்பைத் தொடவில்லை. மூலக் கோப்பைத் தொடக் கூடாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் அந்தத் தரவுத்தளத்தைப் படிக்க அந்த மென்பொருளைத் தவிர வேறு யாராலும் முடியாது.

பிகாசா இந்த இடத்தில் பாதி நல்லது செய்தது. 2004இல் கூகல் அதை வாங்கியது, 2016 மார்ச் மாதத்தோடு ஆதரவை நிறுத்தியது. அதில் எழுதிய படக்குறிப்பு ஜேபெக் கோப்புக்குள்ளேயே பதிந்ததால், பிகாசா போன பிறகும் மற்ற மென்பொருள்களில் அதைப் படிக்க முடிந்தது. நட்சத்திரக் குறியோ கோப்புறையில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு 'ஐஎன்ஐ' கோப்பில் இருந்தது. படத்தை மட்டும் நகலெடுத்தவர்களுக்குக் குறிப்பு வந்தது, நட்சத்திரம் வரவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களிடம் சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். 1997இல் தமிழ்நெட் மாநாடு நம் சிங்கப்பூரில் நடந்த காலத்தில், கணினித் தமிழுக்கு ஒரே குறியாக்கம், அதாவது எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை, என்பது கிடையாது; எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். அக்காலத்துப் பழக்கத்தில் எழுதிய படக்குறிப்புகள் எங்கள் தொகுப்பிலும் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத செயலியில் அவை புள்ளியும் கொக்கியுமாகத்தான் தெரியும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்போம். தீரவில்லை. படக்குறிப்புகளுக்கான பழைய 'ஐபிடிசி' தரத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் அது 64 எழுத்து. யூனிகோடைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். அதாவது 21 குறியீடுகள்; 'பு' என்பதே மெய்யும் உகரக் குறியுமாக இரண்டாகிவிடும். 'புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்' என்று எழுதிப் பாருங்கள். சாமி பெயர் முடிவதற்குள் இடம் முடிந்துவிடும். 2001இல் வந்த 'எக்ஸ்எம்பி' தரத்தில் இந்த நெருக்கடி இல்லை. ஒரு செயலி எதில் எழுதுகிறது என்று அதன் விளம்பரப் பக்கத்தில் யாரும் போடுவதில்லை. பின்னணியை மங்கலாக்கும், வானத்தை நீலமாக்கும் என்றுதான் போடுகிறார்கள்.

ஆகவே யாராவது புதிய செயலியைப் பற்றி என்னிடம் கேட்டால், அழகாக இருக்கிறதா, வேகமாக ஓடுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. ஒரே ஒரு படத்தை ஏற்றுவேன். தமிழில் நீளமாக ஒரு குறிப்பு, ஒரு முகத்துக்குப் பெயர், 1965 என்று ஒரு தேதி. பிறகு அதை வெளியே ஏற்றுமதி செய்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு மென்பொருளில் திறப்பேன். மூன்றும் வந்தால் மேற்கொண்டு பேசலாம். 1965 ஏன் என்றால், கணினிகள் பல 1970 ஜனவரி 1இலிருந்து நேரத்தை எண்ணுகின்றன. அதற்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் சில மென்பொருள்கள் தடுமாறும். நம் ஊர் பிறந்த ஆண்டே தடுமாறினால் அந்தச் செயலி நமக்கெதற்கு?

சித்திக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மகிழ்ச்சியாக இருக்கிறார், இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் சித்தியின் பெயர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பாட்டியின் தங்கை, கடற்படைத் தளத்துப் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு காவடி எடுத்தவர் என்று அவர் தட்டெழுதிய பெயர்களில் சில எங்கள் யாருக்கும் தெரியாதவை. தேசிய ஆவணக் காப்பகம் 2015இல், குறிப்பில்லாத பழைய படங்களுக்கு விவரம் எழுத உதவுமாறு பொதுமக்களை அழைத்தது. காப்பகத்துக்கே அந்த நிலை என்றால், தெம்பனிஸில் ஒரு மடிக்கணினிக்குள் இருக்கும் பெயர்கள் எம்மாத்திரம்? சித்தியின் பெயர்கள் எல்லாவற்றையும் படங்களோடு ஏற்றுமதி செய்து தனி வட்டில் வைத்திருக்கிறேன். முகப்பெயர்கள் கோப்புக்குள் வரவில்லை. ஆகவே குறிப்புப் பகுதியில், இடமிருந்து வலமாக, பழைய பத்திரிகைகளில் போடுவதுபோல நானே எழுதிவிட்டேன்.

அண்ணன் விஷயம் ஒருவழியாக முடிந்தது. பழைய மென்பொருள் இன்னும் திறக்கிறது என்பதால் அதிலிருந்தே தேதிகளையும் நட்சத்திரங்களையும் ஒரு பட்டியலாக வெளியே எடுத்தோம். அடுக்குவதே வீண் என்று சொன்ன அண்ணன் மகன்தான், வார இறுதி விடுப்பில் வந்தபோது, 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவசக் கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் கோப்புகளுக்குள் எழுதிக் கொடுத்தான். காவடி இப்போது 1969இல் இருக்கிறது. புதிய செயலி நட்சத்திரங்களை இன்னும் காட்டுவதில்லை, ஆனால் கோப்பில் இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் நம்புகிறார். வாரத்துக்கு ஒருமுறை வேறு மென்பொருளில் திறந்து சரிபார்த்தும் கொள்கிறார். பையன் கூலியாகக் கேட்டது ஒரு புதிய வன்வட்டும் இரண்டு தட்டு மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸும். மீ கோரெங்கை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வன்வட்டு அண்ணனின் கணக்கு. அதற்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டதிலிருந்து, பழைய வட்டே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.