கேனில் மிச்சமிருந்த 2 லிட்டர்

ஊட்டியில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து இரண்டாவது வருடம். டூரிஸ்ட் ஜீப் ஒன்றுக்கு வாட்டர் பம்ப் மாற்றினேன். இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம்தான் கூலண்ட். இறக்கிய பழைய கூலண்ட் பக்கெட்டில் 8 லிட்டர் இருந்தது, புதுசு ஊற்றும்போது ஆறு லிட்டரிலேயே ரேடியேட்டர் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மீதி கேனில் இருப்பதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. மசினகுடியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று டிரைவர் அண்ணன் அவசரப்படுத்த, மூடியைப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இறக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கல்லட்டி ஏற்றத்தில், 36 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார், போன் வந்தது. "தம்பி, டெம்பரேச்சர் காட்டுற ஊசி நடுவுலதான் இருந்துச்சு, திடீர்னு மேல போயிடுச்சு. ஹீட்டர் போட்டா ஜில்லுனு காத்து வருது."

எங்கள் மூத்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் திட்டவில்லை. கேனைத் தூக்கிக் காட்டி, "இது எங்க இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த 2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்திருந்தது. வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. காற்று மேடான இடமாகப் பார்த்து, ஹீட்டர் ஹோஸிலோ, சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற வால்வான தெர்மோஸ்டாட் பக்கத்திலோ தங்கிவிடும். சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் நனையாமல் இருந்தால் ஊசியும் பொய் சொல்லும், அதற்குள் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் சூடேறி, அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கிற கேஸ்கெட் போய்விடும். நல்லவேளை, அண்ணன் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தும் பாய் மூடியைத் தொடவிடவில்லை. ரேடியேட்டர் கை வைக்கிற பதத்துக்கு ஆறுகிற வரை காத்திருந்தோம். அப்புறம் வண்டியின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹீட்டரை ஃபுல் சூட்டில் திருப்பி, மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். மெதுவாக ஊற்ற ஊற்ற அதில் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, கடைசியில் குமிழே இல்லாத கூலண்ட். உடனே ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மட்டம் சடாரென்று இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும்.

மலையில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் பல வண்டிகளில் 82க்கு மேல்தான் திறக்கிறது. மூடியைத் திறந்துவைத்து ஏர் எடுக்கும்போது நடுவில் இருப்பது பத்து டிகிரிதான், கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கீழே மேட்டுப்பாளையத்தில் செய்கிற மாதிரி ஃபேன் ஓடுகிற வரை திறந்தே வைத்திருந்தால், கொதிப்பதைப் பார்த்து ஏர் வருகிறது என்று ஏமாந்துபோவோம். காற்று விட்டுவிட்டு ஏப்பம் மாதிரி வரும், மட்டம் இறங்கும். கொதித்தால் விடாமல் பொங்கி மட்டம் ஏறும். அதனால் மட்டம் நின்றதும் மூடியைப் போட்டுவிட வேண்டும், மிச்சத்தை மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்று எல்லாம் முடிய இருட்டிவிட்டது. டிரைவர் அண்ணன் ஹீட்டர் முன்னால் கையை நீட்டி, "இப்ப சுடுது தம்பி" என்றார். கேனை ஆட்டிப் பார்த்தேன், கால் லிட்டர் இருந்தது. மறுநாள் காலையில் அதுவும் உள்ளே போனது.